பட்ச் போனாலும் போகாத ஆய்வு: வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்துறை மாணவர் ஆய்வுக்குழு அமைப்பது எப்படி?

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இறுதியாண்டு மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் நல்ல வேலைகளைச் செய்கிறார்கள். ஒருவர் நீர்மட்டம் அளக்கும் கருவி செய்கிறார், இன்னொருவர் வயலுக்குத் தானாக நீர் பாய்ச்சும் அமைப்பைச் செய்கிறார், மற்றொருவர் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் செயலியை எழுதுகிறார். வைவா என்ற வாய்மொழிப் பரீட்சை முடிந்ததும் அறிக்கை நூலகத்துக்குப் போகிறது, கருவி ஆய்வுகூட அலுமாரிக்குப் போகிறது, செய்தவர் கொழும்புக்கோ கட்டாருக்கோ போகிறார். அடுத்த பட்சில் வேறொருவர் அதே கருவியை முதல் கம்பியிலிருந்து மீண்டும் தொடங்குகிறார். திறமை குறைந்ததால் நடப்பதல்ல இது. ஆய்வு ஒரு தனி மாணவருடைய பன்னிரண்டு மாதங்களுக்குள் அடைபட்டிருப்பதுதான் காரணம்.

மாணவர் மாறினாலும் ஆய்வு நிற்காதபடி, பல பீடத்து மாணவர்களும் பல ஆண்டு மாணவர்களும் ஒன்றாக வேலை செய்யும் குழுவை எப்படி அமைப்பது என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மாணவர்களுக்காகவே எழுதுகிறேன். இளம் விரிவுரையாளர்களுக்கும் இது பயன்படும்.

முன்மாதிரிகள்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மார்கரெட் மெக்விகர் 1969இல் தொடங்கிய யூரோப் (UROP) என்ற மாணவர் ஆய்வுத் திட்டம், பட்டப்படிப்பு மாணவரும் பேராசிரியரின் ஆய்வில் பங்காளியாகலாம் என்ற வழியைத் திறந்தது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஜெம்ஸ்டோன் திட்டம் வெவ்வேறு துறை மாணவர்களை ஒரே குழுவாக்கி, பட்டப்படிப்புக் காலம் முழுவதும் ஒரே கேள்வியோடு இருக்க வைக்கிறது. நமக்கு அதிகம் பொருந்துவது வி.ஐ.பி. (Vertically Integrated Projects) என்று சுருக்கமாக அழைக்கப்படும் திட்டம். எட்வர்ட் கொய்ல் இதைப் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் 2001இல் தொடங்கினார், 2009இல் ஜோர்ஜியா டெக்குக்கும் கொண்டுபோனார். அங்கே இரண்டாம் ஆண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் பட்டப்பின் மாணவரும் ஒரே குழுவில் இருப்பார்கள். ஒருவர் மூன்று ஆண்டுகள் வரை தொடரலாம், ஒவ்வொரு செமஸ்டருக்கும் திறமைப்புள்ளி (credit) கிடைக்கும். குழுவுக்கு முடிவுத் திகதி கிடையாது. மூத்தவர் விலகும்போது இளையவர் ஏற்கெனவே உள்ளே இருப்பார்.

இதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை, ஒழுங்கு வேண்டும். அதனால்தான் வளம் குறைந்த நம் பல்கலைக்கழகங்களுக்கு இது ஏற்றது என்று நம்புகிறேன்.

படி 1: கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான குழுக்கள் இந்த இடத்திலேயே தவறுகின்றன. நாலு நண்பர்கள் சேருகிறார்கள், கையில் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுக் கட்டுப்பாட்டு போட் ஒன்று இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். அந்த வழியில் போனால் கருவிதான் கிடைக்கும், ஆய்வு கிடைக்காது. கேள்வி ஊரிலிருந்து வரட்டும்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்போம். மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் அது கடலோடு சேர்கிறது. கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடும். மாரியில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கமிருந்து வெள்ளம் இறங்கும்போது, நீர் கடலுக்குப் போக வழியில்லாமல் தாழ்ந்த வட்டைகளில் (வயல்வெளிகளில்) வேளாண்மை மூழ்கும். முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். வெட்டினால் நீர்மட்டம் சடுதியாக இறங்கி இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்று வாவி மீனவர்கள் கவலைப்படுவார்கள். திறந்த வாய் நெடுநாள் திறந்தே கிடந்தால் உப்பு உள்ளே ஏறும். இரு தரப்பும் சொல்வது நியாயம். எப்போது வெட்டுவது, எவ்வளவு நீர் ஏறிய பிறகு வெட்டுவது என்பதற்குத் தொடர்ச்சியான அளவீடு கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி நடக்கும்.

இந்த ஒரு கேள்விக்குள் எத்தனை துறைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நீர் எங்கே, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை அளப்பது பொறியியலும் இலத்திரனியலும். உவர்த்தன்மை எதுவரை போகிறது, அதனால் இறால் குஞ்சுக்கு என்ன ஆகிறது என்பது இரசாயனமும் விலங்கியலும். எந்த உயரத்தில் எந்த வட்டை மூழ்கும் என்பது விவசாயமும் புவியியலும். முடிவை யார் எடுக்கிறார்கள், செய்தி யாருக்குப் பிந்திப் போகிறது என்பது சமூகவியல். எச்சரிக்கையை எந்தச் சொற்களில் அனுப்பினால் வயல் நீரைப் பொறுப்பாகப் பார்க்கும் ஒரு வட்டவிதானைக்கும் தோணிக்காரருக்கும் உடனே விளங்கும் என்பது மொழி.

பரீட்சித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. குழுவிலுள்ள ஒரு துறையை எடுத்துவிட்டுக் கேள்வியைப் பாருங்கள். கேள்வி அப்படியே நின்றால் அந்தத் துறை அலங்காரத்துக்குச் சேர்த்தது. தள்ளாடினால் சரியான கேள்வியைப் பிடித்துவிட்டீர்கள்.

இந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. 2024 நவெம்பர் 26 அன்று காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை அள்ளிக்கொண்டு போனதில் மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். வீதிக்கு மேல் நீர் எந்த உயரத்தில், எந்த வேகத்தில் ஓடினால் கடக்கக் கூடாது என்பதை அங்கேயே காட்டும் அமைப்பு ஒன்றைச் செய்வது ஒலுவில் பொறியியல் பீடத்துக்கு எட்டாத தூரமில்லை. 2025 பெப்ரவரியில் கொழும்பு – மட்டக்களப்பு ரயில் ஹபரணைக்கு அருகே யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் இறந்தன. யானைகள் மனிதக் காதுக்கு எட்டாத 20 ஹேர்ட்ஸுக்குக் கீழான ஒலியிலும் பேசிக்கொள்கின்றன. அந்த ஒலியையும் நில அதிர்வையும் கொண்டு அவை வருவதை முன்கூட்டி அறிவது உலகெங்கும் ஆராயப்படும் கேள்வி. மட்டக்களப்பு, அம்பாறைப் பேச்சுத் தமிழை இயந்திரம் விளங்கிக்கொள்வதும் அப்படித்தான். கணினி மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஒரே மேசையில் இருந்தாலொழிய அது நடக்காது. மருதமுனைக் கைத்தறியில் புதிய வடிவங்களைக் கணினியில் வரைந்து தறிக்குக் கொண்டுபோவது இன்னொன்று.

"ஸ்மார்ட் விவசாயம்" என்று மட்டும் எழுதிய தலைப்பை ஏற்காதீர்கள். எந்த வட்டை, எந்தப் போகம், யாருடைய எந்த முடிவு மாறப்போகிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடியாத தலைப்பு இன்னும் பழுக்கவில்லை.

படி 2: வழிகாட்டும் விரிவுரையாளர்

குறைந்தது இருவர் வேண்டும், இருவரும் வெவ்வேறு பீடமாக இருக்க வேண்டும். ஒருவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போனாலும் குழு அனாதையாகாது. நம்மிடம் இது அடிக்கடி நடக்கும் விடயம்.

போகும்போது ஒரு பக்கத்துக்கு மேற்படாத குறிப்புடன் போங்கள். கேள்வி, அது ஏன் முக்கியம், எந்தெந்தத் துறை வேண்டும், முதல் செமஸ்டரில் என்ன செய்வோம், அவரிடமிருந்து கிழமைக்கு எவ்வளவு நேரம் கேட்கிறோம் என்பவை அதில் இருக்கட்டும். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் கேட்டால் போதும். "சேர், எங்களுக்கு ஒரு டொபிக் தாங்க" என்று போகிற மாணவரையும், இந்தக் குறிப்போடு போகிற மாணவரையும் எந்த விரிவுரையாளரும் ஒரே மாதிரிப் பார்க்க மாட்டார். அவருடைய சொந்த ஆய்வு ஆர்வம் என்ன என்று முன்கூட்டிப் பார்த்து, உங்கள் கேள்வி அதில் எங்கே தொடுகிறது என்று ஒரு வரி சேருங்கள்.

கலைப்பீட விரிவுரையாளர் சிலர், தொழில்நுட்ப ஆய்வில் தங்களுக்கு என்ன வேலை என்று தயங்கலாம். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளை நினைவூட்டுங்கள். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியான அவர்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். இலக்கியச் சான்றையும் சுருதிக் கணக்கையும் சேர்த்து வைத்தே பழந்தமிழர் யாழை ஆராய்ந்தார். துறை கடந்த ஆய்வு இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

படி 3: குழுவைச் சேர்ப்பது

எட்டுப் பேரிலிருந்து பன்னிரண்டு பேர் வரை நல்ல அளவு. இரண்டாம் ஆண்டிலிருந்து நாலு பேர், மூன்றாம் ஆண்டிலிருந்து நாலு பேர், இறுதியாண்டிலிருந்து இரண்டு மூன்று பேர் என்று எடுத்தால் ஒவ்வோர் ஆண்டும் குழுவில் கால்வாசிதான் மாறும், முக்கால்வாசி நினைவு அப்படியே நிற்கும். எல்லாரையும் இறுதியாண்டிலிருந்து எடுத்தால் பழைய வியாதிதான் திரும்பி வரும்.

பரீட்சைப் புள்ளியை மட்டும் பார்த்து ஆள் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அப்பா வாவியில் வலை வீசுகிற ஒரு மாணவிக்கு, எந்த மாதம் எந்தப் பக்கம் நீர் கலங்கும் என்று தெரியும். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. சிங்களம் பேசக்கூடிய ஒருவராவது இருக்கட்டும். அம்பாறை நகரப் பக்கமும் தெஹியத்தகண்டியப் பக்கமும் களவேலைக்குப் போனால் அந்த அருமை தெரியும்.

மொழி விடயத்தை முதற்கூட்டத்திலேயே தீர்த்துவிடுங்கள். விஞ்ஞான, தொழில்நுட்பப் பீடங்களில் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், கலைப்பீடத்தில் பலர் தமிழில் படிக்கிறார்கள். பேச்சு தமிழில் நடக்கட்டும், நிரலும் தரவுத் தலைப்பும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். இரு பக்கத்தாரும் பார்க்கக்கூடிய ஒரு சொற்பட்டியலைக் குழுவே எழுதி வைத்துக்கொள்ளலாம். அதை வளர்ப்பது கலைப்பீட மாணவரின் வேலையாக இருந்தால், இரண்டு மாதத்தில் அவர் மற்ற எல்லாரையும் விடத் தெளிவாக விடயத்தை விளக்குவார்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சீனியர் – ஜூனியர் உறவு நம் கம்பஸ்களில் பகிடிவதையால் (ராகிங்) கெட்டுப்போயிருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியும் முற்றாக ஒழியவில்லை. இந்த மாதிரிக் குழு நடப்பதானால், சீனியர் சொன்னது பிழை என்று ஒரு ஜூனியர் கூட்டத்தில் அச்சமின்றிச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். பட்ச் விதிகளைக் கூட்டத்துக்குள் கொண்டுவருபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் குழுவில் வேண்டாம்.

படி 4: நேரமும் திறமைப்புள்ளியும்

இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு திறமைப்புள்ளி என்பது 50 மணித்தியாலக் கற்றல். இரண்டு புள்ளிப் பாடமாக இதை அங்கீகரித்தால் 100 மணித்தியாலம், அதாவது 15 கிழமைச் செமஸ்டரில் கிழமைக்கு ஆறேழு மணித்தியாலம். மாணவர் ஒருவர் இழுத்துக்கொண்டு போகக்கூடிய பாரம்தான் அது.

புதிய பாடத்தைப் பீடச்சபை, மூதவை என்று கொண்டுபோய் நிறைவேற்ற நாளெடுக்கும். அதற்காகக் காத்திருக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் செயற்றிட்டப் பாடம், தொழிற்பயிற்சி, இறுதியாண்டு ஆய்வு ஆகியவற்றுக்குள் குழு வேலையைப் பொருத்துங்கள். இறுதியாண்டு மாணவர் குழுவின் பெரிய கேள்வியிலிருந்து ஒரு துண்டைத் தன் ஆய்வாக எடுக்கலாம். இரண்டாம் ஆண்டு மாணவர் முதலில் புள்ளி இல்லாமல் வருவார். அவருக்குக் குழு என்ன கற்றுத்தரப் போகிறது என்பதை எழுத்தில் கொடுங்கள்.

வி.ஐ.பி. குழுக்களில் மதிப்பீடு செய்யும்போது குறிப்பேடும் பதிவும், குழுவாக வேலை செய்த விதம், சொந்தப் பங்களிப்பு ஆகிய மூன்றையும் பார்க்கிறார்கள். கடைசிக் கருவி வேலை செய்ததா என்று மட்டும் பார்க்கும் நம் வழக்கத்தை விட இது நியாயமானது. ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தவருக்கும் அதில் புள்ளி உண்டு.

படி 5: முதல் இரண்டு மாதங்கள், ஒன்றும் வாங்காதீர்கள்

இந்தக் காலம் வாசிக்கவும் நடக்கவும். நூலகத்தில் பழைய இறுதியாண்டு அறிக்கைகளைத் தேடுங்கள். உங்கள் கேள்வியின் ஏதோ ஒரு துண்டை யாரோ செய்திருப்பார்கள். அவருடைய முடிவை விட அவர் சந்தித்த தடைகளே உங்களுக்குப் பெறுமதி. பிறகு களத்துக்குப் போங்கள். வாவிக் கேள்வியை எடுத்தவர்கள் கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தால் மட்டும் போதாது. கிழக்குக் கரையான எழுவான்கரையில் ஒரு மீனவர் சங்கத்தோடும் படுவான்கரையில் ஒரு விவசாய அமைப்போடும் உட்கார்ந்து கேளுங்கள். போக ஆரம்பக் கூட்டம் நடக்கும் நாளில் போனால் விவசாயிகள், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவை நிலையம் எல்லாரையும் ஒரே இடத்தில் காணலாம். அங்கே வாயைத் திறக்க வேண்டாம், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: அனுமதியும் மனிதர்களும்

மனிதரிடம் கேள்வி கேட்கும் எந்த ஆய்வுக்கும் ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் எழுத ஒரு மாதம், பதில் வர அதற்கு மேலும் ஆகலாம் என்று கணக்கில் வையுங்கள். சம்மதப் படிவத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பிறகு தமிழாக்க வேண்டாம். நேராகத் தமிழில், படித்துக் காட்டினால் விளங்கும்படி எழுதுங்கள். சிங்களப் படிவத்தைச் சிங்களம் பேசுபவரே எழுதட்டும். பெயர், தொலைபேசி எண், வீட்டின் இடம் போன்றவை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. தேவையில்லாததைச் சேகரிக்கவே சேகரிக்காதீர்கள்.

வனவிலங்கு தொடர்பான வேலைக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ட்ரோன் பறக்கவிடுவதானால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. வானலையில் தரவு அனுப்பும் கருவி என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதித்த அலைவரிசைதானா என்று வாங்குமுன் பாருங்கள்.

கடதாசி அனுமதியை விடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியொன்றைப் பாலத்தடியிலோ வீதியோரத்திலோ வைத்தால் எந்த ஊரிலும் சந்தேகம் வரலாம். போரையும், 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பையும் கண்ட மட்டக்களப்பில் அது பயமாகவே மாறும். கிராம சேவகருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பெட்டியில் தமிழிலும் சிங்களத்திலும் இது என்ன, யாருடையது, எந்த எண்ணுக்கு அழைப்பது என்று பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். மூடி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்காக இருந்தால் உள்ளே இருப்பது வெளியே தெரியும். பக்கத்துக் கடைக்காரரிடமும் தோணித்துறையில் இருப்பவரிடமும் நேரில் போய்க் காட்டுங்கள். அவர்தான் பிறகு உங்கள் கருவிக்குக் காவல்.

மக்களின் களைப்பையும் மதிக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனை நிறுவனங்கள் எத்தனை படிவங்களோடு வந்து போயின என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொன்னவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆய்வு என்ன சொன்னது என்று தெரிய வந்தது? குறைவான கேள்விகளைக் கேளுங்கள், விடையோடு திரும்பிப் போங்கள்.

படி 7: கருவி

இனித்தான் வாங்கலாம். வாவி எடுத்துக்காட்டையே தொடர்கிறேன், ஏனென்றால் இங்கே மாணவர்கள் விழும் பள்ளங்கள் எல்லாக் கேள்விகளிலும் வேறு உருவில் வரும்.

நீர்மட்டத்துக்கு மலிவான வழி, பாலத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் மீயொலி சென்சர். ஒலி போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு அது தூரத்தைக் கணிக்கிறது. ஒலியின் வேகமோ காற்றின் வெப்பநிலையோடு மாறும். 20 பாகையில் செக்கனுக்குச் சுமார் 343 மீற்றர், 35 பாகையில் சுமார் 352 மீற்றர். விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே இதைத் திருத்தாவிட்டால், இரண்டு மீற்றர் தூரத்தில் ஐந்து சென்ரிமீற்றர் வரை பிழை வரும். நம் கிழக்குக் கரையில் கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரைக்கூட எட்டாது. அங்கே ஐந்து சென்ரிமீற்றர் சின்ன விடயமில்லை. பக்கத்தில் ஒரு வெப்பநிலைச் சென்சரை வைத்து நிரலிலேயே திருத்துங்கள். நீர்புகாத வகைச் சென்சர் பலவற்றுக்கு 20–25 சென்ரிமீற்றருக்கு உள்ளே பார்வை இல்லை. வெள்ளம் உச்சத்துக்கு வரும் நேரத்தில், அதாவது உங்களுக்கு மிகவும் தேவையான நேரத்தில், அது குழம்பிப்போகும். அதற்கேற்ற உயரத்தில் பொருத்துங்கள்.

அடுத்தது உயர மட்டம். கல்லடியில் ஒரு சென்சர், மண்முனையில் ஒன்று, பட்டிருப்பில் ஒன்று வைத்தீர்கள் என்றால் ஒவ்வொன்றும் தன் பாலத்திலிருந்து நீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்றுதான் சொல்லும். மூன்றையும் ஒப்பிட, மூன்றும் ஒரே அடிமட்டத்துக்குக் கட்டப்பட வேண்டும். தொலைபேசி ஜி.பி.எஸ். காட்டும் உயரத்தில் பல மீற்றர் பிழை இருக்கும், அதை நம்ப வேண்டாம். நிலஅளவைத் திணைக்களத்தின் மட்டக் குறியிலிருந்து மட்டமானியால் அளந்து வர வேண்டும். பொறியியல் பீடத்தில் அந்தக் கருவி இருக்கும், புவியியல் மாணவருக்கு நிலம் தெரியும். இருவரும் சேர்ந்து போகும் அந்த நாள்தான் "பல்துறை" என்பதற்கு உண்மையான அர்த்தம் தரும்.

உவர்த்தன்மையை மின்கடத்துதிறனால் அளப்பார்கள். கரைந்த உப்பை அளக்க கடையில் மலிவாகக் கிடைக்கும் டி.டி.எஸ். சென்சர் குடிநீருக்கானது, பல வகைகள் 1000 பி.பி.எம்.மோடு, அதாவது லீற்றருக்கு ஒரு கிராம் அளவோடு, நின்றுவிடும். கடல்நீரின் உப்போ லீற்றருக்கு 35 கிராம் அளவு. வாவியில் அந்தச் சென்சரை வைத்தால் ஆண்டில் பல மாதம் ஒரே எண்ணைத்தான் காட்டும். கடல்நீர் அளவு வரை தாங்கும் சென்சரைத் தேடுங்கள். அதை 1413 மைக்ரோசீமன்ஸ், 12.88 மில்லிசீமன்ஸ் ஆகிய கடத்துதிறன் ஏற்கெனவே தெரிந்த இரண்டு நியமக் கரைசல்களாலும் அளவுத்திருத்தம் செய்யுங்கள். இரசாயன ஆய்வுகூட மாணவர் இதை நித்திரையிலும் செய்வார், இலத்திரனியல் மாணவருக்குத் தோன்றவே தோன்றாது. விவசாய பீட மாணவர் அந்த எண்ணுக்கு உயிர் கொடுப்பார். மண்சாற்றின் கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 3 மில்லிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது அவர் படித்த பாடம்.

பிறகு வாவியின் உயிர்கள். நீருக்குள் இருக்கும் எந்தச் சென்சரிலும் சில கிழமைகளில் பாசியும் சிப்பியும் ஒட்டும். அளவீடு மெல்ல மெல்லச் சாயும், வரைபடத்தில் பார்த்தால் உண்மையான மாற்றம் போலவே இருக்கும். இரு கிழமைக்கு ஒரு தடவை துடைப்பதற்கு ஆள் பட்டியல் போடுங்கள், துடைக்குமுன்னும் துடைத்த பின்னும் அளந்து எழுதுங்கள். விலங்கியல் மாணவருக்கு அந்த ஒட்டுயிர்களே தனி ஆய்வாகலாம்.

உப்புக்காற்றில் செருகும் கம்பிகள் பச்சை பிடித்துப் போகும். எல்லா இணைப்பையும் ஈயம் வைத்து ஒட்டி, நீர்புகாப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொதியையும் போடுங்கள். கருவியை இயக்கும் ஈ.எஸ்.பி.32 சில்லு உறக்க நிலையில் மிகக் குறைந்த மின்னே எடுக்கும். ஆனால் அது பூட்டியிருக்கும் போட்டில் உள்ள மற்றப் பாகங்கள் அதைவிடப் பல மடங்கு எடுக்கலாம். மின்கலம் எத்தனை நாள் வரும் என்பதைக் கடதாசிக் கணக்கில் நம்பாமல், மேசையில் வைத்து அளந்து பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒக்டோபருக்கு முன் நிறுவிவிட வேண்டும். இங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வருகிறது. செமஸ்டர் நாட்காட்டி எப்படி மாறினாலும் மாரி தன் நேரத்துக்கு வரும், ஆகவே வேலைத்திட்டத்தை மழையிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை: வெள்ள நேரத்தில் கருவியைக் காப்பாற்ற யாரும் நீருக்குள் இறங்கக் கூடாது. இதைக் குழு விதியாகவே எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். கருவி போனால் இன்னொன்று செய்யலாம்.

படி 8: பதிவு

ஒவ்வொருவரிடமும் பக்கம் எண்ணிட்ட கொப்பி ஒன்று இருக்கட்டும். திகதி, இடம், செய்தது, கண்டது, விளங்காதது. "விளங்காதது" என்ற பகுதியைக் கட்டாயமாக்குங்கள். அடுத்த ஆண்டின் ஆய்வுக் கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கும்.

மூலத் தரவை யாரும் திருத்தக் கூடாது. திருத்தியதை வேறு கோப்பாக வையுங்கள், ஏன் திருத்தினோம் என்று ஒரு வரி எழுதுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், இடம் இருக்கட்டும், "பைனல் பைனல் 2" என்ற பெயர் வேண்டாம். நிரல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கட்டும். களக் கேள்விக்கொத்துக்குக் கோபோ டூல்பொக்ஸ் என்ற செயலி நல்லது. சிக்னல் இல்லாத வாகரைப் பக்கத்திலும் தொலைபேசியிலேயே நிரப்பி, பிறகு அனுப்பலாம்.

கூட்டம் கிழமைக்கு ஒன்று, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரும் செய்தது, தடைப்பட்டது, அடுத்தது என்று மூன்று விடயம் சொல்லட்டும். குறிப்பெடுப்பவர் சுழற்சியில் மாற வேண்டும், எப்போதும் பெண் பிள்ளைகளின் தலையில் அதைக் கட்டுவது வழக்கமாகிவிடக் கூடாது.

படி 9: பணம்

சிறிதாகத் தொடங்குங்கள். ஓர் இடத்தில் ஒரு கருவி, ஒரு மாரி முழுவதும் இடைவிடாத தரவு. அதைக் காட்டிப் பல்கலைக்கழக ஆய்வு நிதியிடமோ தேசிய விஞ்ஞான மன்றத்திடமோ விரிவுரையாளர் ஊடாகக் கேட்டால் செவிசாய்ப்பார்கள். பழைய மாணவர்களிடம் பணத்தை விடப் பாகங்கள் கேட்பது சுலபம். மாணவர் மஹாபொல உதவித்தொகைக் காசில் சென்சர் வாங்கும் நிலை வரக் கூடாது, வசதி குறைந்த பிள்ளை அந்த இடத்திலேயே விலகிவிடும்.

படி 10: எழுதுவது, பகிர்வது

கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும் என்பதை வேலை தொடங்குமுன் பேசுங்கள். கிரெடிட் (CRediT) என்ற பங்களிப்பு வகைப்பாடு கருத்தாக்கம், தரவு பராமரிப்பு, மென்பொருள், கள ஆய்வு என 14 பாத்திரங்களைத் தருகிறது. யார் எதைச் செய்தார் என்று ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் அதில் குறித்து வைத்தால், பட்டம் பெற்றுப் போனவரின் பெயரும் விடுபடாது. இது நம் சூழலில் மனக்கசப்பை மிகவும் குறைக்கும்.

தரவையும் நிரலையும் ஸெனோடோ போன்ற களஞ்சியத்தில் இட்டால் நிரந்தர அடையாள எண் கிடைக்கும், பிறர் மேற்கோள் காட்டலாம். மனிதரை அடையாளம் காட்டும் எதுவும் அதில் போகக் கூடாது.

இதற்கெல்லாம் முன், தமிழில் இரண்டு பக்க அறிக்கை ஒன்றை எழுதி மீனவர் சங்கத்துக்கும் விவசாய அமைப்புக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொண்டுபோங்கள். வரைபடம் ஒன்றே ஒன்று போதும். அவர்கள் அதைப் பார்த்து "இந்த நாள் இப்படி இல்லையே தம்பி" என்று சொன்னால், அது ஆய்வின் மிக நல்ல நாள். யார் பிழை என்று அங்கே வாதாடாமல், அந்தத் திகதியைக் குறித்துக்கொண்டு வந்து மூலத் தரவைத் திறந்து பாருங்கள்.

படி 11: கைமாற்றம்

குழு சாவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் அற்பக் காரணங்களால். கருவிக்குள் இருக்கும் சிம் அட்டை பட்டம் பெற்றுப் போன ஒருவரின் அடையாள அட்டையில் இருக்கும், அவர் எண்ணை மாற்றியதும் தரவு நிற்கும். மேகக் கணக்கின் கடவுச்சொல் ஒருவரின் தொலைபேசிக்கு மட்டும் வரும். பெட்டியின் திறப்பு யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே சிம், மின்னஞ்சல், கிட்ஹப், மேகக் கணக்கு எல்லாம் குழுவின் பெயரில், வழிகாட்டும் விரிவுரையாளரின் பொறுப்பில் இருக்க வேண்டும்.

இறுதியாண்டு மாணவர் விலகுவதற்கு ஒரு முழுச் செமஸ்டருக்கு முன்பே, அவருடைய வேலையை ஓர் இளையவர் பக்கத்தில் நின்று செய்யத் தொடங்க வேண்டும். கடைசி மாதத்தில் இளையவர் செய்வார், மூத்தவர் பார்த்துக்கொண்டிருப்பார். கைமாற்றுக் கோப்பில் இணைப்பு வரைபடம், பாகங்கள் வாங்கிய கடை, அளவுத்திருத்த எண்கள், களத்தில் உதவும் ஆட்கள் யார், அவர்களை எப்படி அணுக வேண்டும், முயன்று கைவிட்ட வழிகள் எவை என்பவை இருக்கட்டும். கைவிட்ட வழிகளை எழுத யாருக்கும் மனம் வராது. அதை வற்புறுத்தி எழுதச் செய்யுங்கள், அடுத்த பட்சின் ஒரு செமஸ்டரை அது மிச்சப்படுத்தும்.

கோப்பு சரியா என்று பார்க்க, புதிதாகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரிடம் அதையும் பழுதான ஒரு கருவியையும் கொடுங்கள். யாரிடமும் கேட்காமல் சென்சரை மாற்றி, அளவுத்திருத்தம் செய்து, முதல் அளவீட்டை அனுப்பச் சொல்லுங்கள். மூத்தவர்கள் அறைக்கு வெளியே இருக்கட்டும். அந்தப் புதியவர்கள் தடுக்கி நின்ற ஒவ்வொரு இடத்தையும் அன்றைக்கே கோப்பில் திருத்தி எழுதுங்கள்.